தனியாக வாசிக்க விட்டார்கள்

1

போன வியாழக்கிழமையோடு அம்மா போய் ஒரு வருஷம். கும்மிடிப்பூண்டியில் என் அக்கா எஸ்தர் தன் வீட்டில் ஜெபக் கூட்டம் வைத்து, பிரியாணி போட்டு, வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா கொடுத்து அனுப்பினாள். அதே நாளில் இங்கே அயர்லாந்தில் நான் ஒரு சாராயக்கடையில் உட்கார்ந்து கான்சர்டினா வாசித்தேன். படிக்கிறவர்கள் உடனே முகம் சுளிக்க வேண்டாம். முழுதும் சொல்லிவிடுகிறேன், பிறகு சுளித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. என் வீட்டுக்காரர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு உருக்காலையில் ஃபிட்டராக இருந்தார். ஏஜெண்ட் ஒருவர் மூலமாக இங்கே மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்து முன்னால் வந்தார். நானும் மகள் ஜெனியும் பின்னால் வந்து சேர்ந்தோம். நானும் சிப்காட்காரிதான். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடி, ரப்பர் வாஷர்களில் ஓட்டை இருக்கிறதா என்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது ஒரு ஓட்டலின் லாண்டரியில் படுக்கை விரிப்புகளில் கறை இருக்கிறதா என்று பார்க்கிறேன். குறை கண்டுபிடிப்பதே எனக்கு வாய்த்த தொழில் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

சாராயக்கடை என்றேன். இங்கே அதற்குப் பப் என்று பெயர். நம்ம ஊர் ஒயின்ஷாப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். குடும்பத்தோடு வருகிறார்கள், குழந்தைகள் மேஜைக்கு அடியில் விளையாடுகின்றன, கேட்டால் டீ கொடுக்கிறார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை தோறும் எங்கே போகிறாய் என்று போனில் கேட்டால், "இங்க ஒரு மன்றம் மாதிரிம்மா" என்பேன். அம்மாவும் அது ஏதோ மாதர் சங்கம் என்று நினைத்து, சீட்டு கீட்டு பிடிக்கிறார்களா என்று விசாரித்தாள்.

2

கான்சர்டினா என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் துருத்தியை மட்டும் பிய்த்தெடுத்து, இரண்டு பக்கமும் ஆறு மூலைக் கட்டை வைத்து அடைத்து, கட்டையில் பொத்தான்களைப் பதித்தால் அதுதான். இரண்டு கைக்குள் அடங்கிவிடும். பொத்தானை அழுத்தி உள்ளே தள்ளினால் ஒரு சுரம், அதே பொத்தானை அழுத்தி வெளியே இழுத்தால் வேறு சுரம். இந்தக் கணக்கு பிடிபடுவதற்குள் எனக்குப் பேஜாராகிவிட்டது.

முதலில் கற்றுக்கொண்டவள் ஜெனி. இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அவளுக்காக ஒரு வருஷ வாடகைக்குக் கருவி எடுத்தோம். பாதி வருஷத்தில் அவளுக்குக் கட்டையால் பந்தடிக்கும் ஒரு விளையாட்டின் மேல் ஆசை வந்து, கான்சர்டினா அலமாரிக்குள் போய்விட்டது. வாடகை கட்டியாகிவிட்டதே என்று நான் எடுத்தேன். முதலில் சபையில் பாடும் பாமாலைகளைத் தடவித் தடவிப் பிடித்தேன். வீட்டுக்காரருக்கு விடியற்காலை ஷிப்டு என்பதால் சீக்கிரம் படுத்துவிடுவார். அதனால் எங்கள் பழைய காரில் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசிப்பேன். அந்தத் தெருவில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது. பார்த்தால் கையசைத்துவிட்டுப் போவார்கள்.

பிறகு பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். சொல்லித் தருபவர் நோரா. இங்கே எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வராது. நோரா டீச்சர் என்றுதான் இன்றுவரை கூப்பிடுகிறேன், அவரும் திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டார். நான் எதை வாசித்தாலும் அவர் "கிராண்ட்" என்பார். நமக்குக் கிராண்ட் என்றால் கல்யாணப் புடவை, ஜரிகை. ஆகவே நான் பிரமாதமாக வாசிப்பதாகவே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே அதற்குப் 'பரவாயில்லை, இருக்கட்டும்' என்று அர்த்தமாம். ஜெனிதான் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நோரா டீச்சர்தான் வியாழக்கிழமை செஷனுக்கு வரச் சொன்னார். செஷன் கச்சேரி இல்லை. மேடை கிடையாது, மைக் கிடையாது. பப்பில் ஒரு மூலையில் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். யார் தொடங்கலாம் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'நீ ஒன்று வாசியேன்' என்று யாராவது கேட்டால்தான் ஆள் உண்மையில் வட்டத்துக்குள் வந்ததாக அர்த்தம். நான் இரண்டாவது வரிசையில், கோட்டுகள் தொங்கும் ஆணிகளுக்குக் கீழே உட்கார்ந்து, சத்தமில்லாமல் கூடவே வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் போயிற்று. ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். லாண்டரியில் மெஷின் சத்தத்தில் பேச்சு கிடையாது. வீட்டில் அவர் தூங்குவார், மகள் போனில் இருப்பாள். ஒரு நாள் முழுக்க என் சத்தம் யார் காதிலாவது விழுந்ததா என்று யோசித்தால், பஸ் டிரைவருக்குத் தேங்க்ஸ் சொன்னது மட்டும்தான் மிஞ்சும். அதுவும் இறங்கும்போது சொல்ல வேண்டும் என்று ஜெனி சொல்லிக்கொடுத்தது. ஒரே ஒரு மெட்டு, நான் தொடங்கி நாலு பேர் கேட்டால் போதும் என்று இருந்தது. அதற்கு ஏங்கினேன் என்றே சொல்லலாம்.

3

அம்மா போனபோது என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. பழையது காலாவதி, புதியது வரவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று ஒருவரும் உறுதி சொல்லவில்லை. அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தால் பாட்டு ஓடும். மின்னஞ்சல் அனுப்பினால், உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது என்று ஒரு மின்னஞ்சல் வரும். வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்தது, எனக்கு அட்டை கிடைக்கவில்லை. நான் இல்லாமல் மருமகன் மட்டும் போய் நின்று என்ன செய்வது?

ஊரில் எங்கள் தெருப் பெண்களுக்குச் சாவு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்டர் வந்துவிட்டால் பாமாலைதான். அவர் வருவதற்குள் ஒப்பாரி. எவ்வளவோ பாஸ்டர்கள் சொல்லிப் பார்த்தும் இது மாறவில்லை. வாசலில் நுழைகிற பெண் செருப்பை உதறிவிட்டு நேராகப் போய் அழுகிறவளின் தோளைக் கட்டிக்கொண்டு அவள் அழுகையில் தன் அழுகையைச் சேர்க்க வேண்டும். அவள் ஒரு அடி சொல்லி நிறுத்தினால் மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். அவளுக்குக் குரல் உடைந்தால் இன்னும் சத்தமாக இழுப்பார்கள், அவள் மூச்சு வாங்கிக்கொள்ள. ஒருத்தியைத் தனியாக அழவிடுவதுதான் பெரிய பாவம். அம்மா வயல் வேலைக்குப் போன காலத்திலும் சரி, பிறகு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கிய காலத்திலும் சரி, இதில் தவற மாட்டாள். "அவ தனியா அழுதுகினு கீறா பாரு, போய்க் கட்டிக்கோ" என்று என்னையும் அக்காவையும் முதுகில் தள்ளிவிடுவாள். ஆகாத வீடாக இருந்தாலும் தள்ளுவாள்.

அந்த அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்ததை நான் போனில் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் இங்கே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனருகே வந்தாள்.

"சாலு, நீ அழறது இங்க எக்கோ அடிக்குதுடி. கொஞ்சம் மியூட் பண்ணிக்கோ."

அவள் மேல் தப்பே இல்லை. வந்தவர்களுக்குக் காது வலித்திருக்கும். நான் மியூட் செய்தேன். செய்த பிறகு அழுகை நின்றுவிட்டது. அன்றைக்கு நின்றது நின்றதுதான். ஜெனி ஸ்கூலிலிருந்து வந்து, "ஆர் யூ ஓக்கே?" என்று கேட்டு, டீ போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நல்ல பிள்ளை. ஆனாலும் அந்தக் கதவு சாத்தியது இன்னும் எனக்கு வலிக்கிறது.

4

குளிர்காலத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. செஷனில் மார்ட்டின் என்று ஒரு பெரியவர் ஃபிடில் வாசிப்பார். ஃபிடில் என்றால் நம்ம வயலின்தான். மாடு வளர்க்கிறவர், பேச்சு குறைவு. அவர் மனைவி இறந்து அன்றைக்கு ஒரு வருஷம் என்று நோரா டீச்சர் என் காதில் சொன்னார். வேகமான மெட்டுகள் எல்லாம் ஓய்ந்த ஒரு நேரத்தில் யாரோ "மார்ட்டின்" என்றார்கள். அவர் வில்லை எடுத்து, தாளமே இல்லாமல், ரொம்ப மெதுவாக ஒன்றைத் தொடங்கினார்.

அந்த மாதிரி மெட்டு எனக்குப் புதிது. ஆனால் கேட்டவுடனே புரிந்துவிட்டது. ஒரு அடி போகிறது, இழுக்கிறது, இறங்குகிறது, நிற்கிறது. இது ஒப்பாரி. மனிதர் பெண்டாட்டிக்காக அழுகிறார். சுற்றிப் பார்த்தேன். இருபது பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் கை அசையவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடப் பாவிகளா, கிழவரைத் தனியாக அழவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று தோன்றியது.

அவர் நிறுத்திய இடத்தில் நான் கான்சர்டினாவைப் பிடித்து ஒரு நீண்ட சுரத்தை இழுத்தேன். அவர் அடுத்த அடிக்குப் போனார், நானும் கூடப் போனேன். அவர் வில் தடுமாறி நின்றது. குரல் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆகவே இன்னும் சத்தமாக இழுத்தேன். மார்ட்டின் ஃபிடிலை மடியில் வைத்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. நோரா டீச்சர் வந்து துருத்தியின் மேல் மெல்லக் கையை வைத்த பிறகுதான் நிறுத்தினேன்.

நோரா டீச்சர் "யூ ஆர் கிராண்ட்" என்றார். அதன் அர்த்தம் தெரிந்திருந்தும் அன்றைக்கு அதை நான் நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டேன். யாரோ அவசரமாக ஒரு வேகமான மெட்டைத் தொடங்கினார்கள். அம்மா போன பிறகு முதல் முறையாக நெஞ்சு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து, அம்மா சொன்ன ஒன்றைச் செய்துவிட்டேன் என்ற நிம்மதியோடு படுத்தேன்.

மறுநாள் ஜெனி ஸ்கூலிலிருந்து வந்து பையைக் கூடக் கழற்றாமல் நின்றாள். மார்ட்டினின் பேத்தி அவள் வகுப்புதான்.

"அம்மா, ஸ்லோ ஏர், அந்த மெதுவான மெட்டு வாசிக்கும்போது யாருமே சேர மாட்டாங்க. யாருமே. அவர் வொய்ஃபுக்காக வாசிச்சார், நீ அத கெடுத்துட்ட. எல்லாருக்கும் தெரியும் அது. உனக்கு மட்டும் தெரியல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவ்வளவு பேர் தலை குனிந்தது மரியாதை. தனியாக விட்டதுதான் மரியாதை. அந்த மரியாதைக்கு நடுவில் நான் புகுந்து, அவர் வாயடைக்கும் வரை இரைந்திருக்கிறேன். அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அழறவன தனியா வுட்டுட்டு எல்லாரும் தரைய பாத்துக்கினு இருந்தாங்களா? இன்னாடி ஊரு அது" என்றாள். அவள் ஊரில் அவள் சொல்வது சரி. ஆனால் நான் இருப்பது இந்த ஊரில்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் போகவில்லை. வகுப்பையும் விட்டேன். காரில் உட்கார்ந்தும் வாசிக்கவில்லை. நோரா டீச்சரைக் கடைத் தெருவில் பார்த்தால் சோப்புத் தூள் வாங்குகிறவளைப் போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

5

மாதக்கணக்கில் இப்படியே போனது. கடைசியில் மார்ட்டின் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் ஜெனிதான். நீ ஸாரி சொல்லவில்லை, அதுதான் இங்கே தப்பு என்றாள். ஒரு ஆப்பிள் கேக்கை அவளே சுட்டு எடுத்துக்கொண்டாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்பது மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

மார்ட்டின் மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து சமையலறையில் உட்கார வைத்தார். நான் ஸாரி என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்காமல் மழையைப் பற்றிப் பேசினார். அதற்குமேல் என் இங்கிலீஷ் போதாது. ஜெனியிடம் தமிழில் சொன்னேன், அவள் அவருக்குச் சொன்னாள். எங்கள் தெரு வழக்கம், அம்மா முதுகில் தள்ளிவிடுவது, அட்டை வராதது, நாற்காலியில் சாய்த்து வைத்த போன், மியூட் எல்லாம் சொன்னேன். ஒப்பாரி என்ற இடத்தில் ஜெனி தடுமாறி, ஒரு மாதிரி அழுகைப் பாட்டு என்று சொல்லிச் சமாளித்தாள். மியூட் என்ற இடத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது. நான் எப்போது சொன்னேன், தெரிவதற்கு?

மார்ட்டின் எங்கள் கோப்பைகளில் டீ ஊற்றினார். தன் அம்மாவின் சின்ன வயதில் இங்கேயும் சாவு வீட்டில் அப்படிச் சேர்ந்து அழுகிற பெண்கள் இருந்தார்கள் என்றும், பாதிரியார்கள் நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு என் அம்மாவின் நாள் எப்போது வருகிறது என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கிப் பார்த்து, அது வியாழக்கிழமை என்றார்.

"வா. வந்து உன் அம்மாவுக்காக ஒன்று வாசி. நான் கேட்கிறேன்" என்றார்.

இரண்டு வருஷம் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது.

6

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா போனில் ஜெபக் கூட்டத்தைக் காட்டினாள். சாயங்காலம் ஜெனியும் என்னோடு வந்தாள். பப்புக்கு வெளியே இன்னும் நல்ல வெயில். மார்ட்டின் தன் பக்கத்து நாற்காலியில், வட்டத்துக்குள், எனக்கு இடம் போட்டிருந்தார். நாலைந்து வேகமான மெட்டுகள் முடிந்ததும் கையைத் தூக்கினார். இந்தப் பெண்ணின் அம்மா இறந்து இன்றைக்கு ஒரு வருஷம், இப்போது அவள் வாசிப்பாள் என்றார். கடைக்காரர் பீர் ஊற்றுவதை நிறுத்தினார்.

எங்கள் தெருவில் பாடுகிற அந்த மெட்டைத்தான் வாசித்தேன். வார்த்தை கிடையாது, மெட்டு மட்டும். முதல் அடி சரியாக வந்தது. தள்ளுவதும் இழுப்பதும் தானாக நடந்தன. அடி முடிகிற இடத்தில், மற்றவர்கள் சேர்ந்து இழுக்க வேண்டிய இடத்தில், பழக்கத்தில் நான் நிறுத்தினேன்.

ஒரு சத்தம் இல்லை.

எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். நோரா டீச்சர், மார்ட்டின், பேர் தெரியாதவர்கள், எல்லோரும். இது எவ்வளவு பெரிய மரியாதை என்று எனக்கு இப்போது தெரியும். ஒரு பட்டத்தைப் போல அதைக் கொடுத்தார்கள். இரண்டாவது அடியும் வாசித்தேன், மறுபடியும் இடம் விட்டு நின்றேன். யாராவது வாருங்களேன் என்று உள்ளே கதறிக்கொண்டிருந்தேன். ஒருத்தராவது தப்பு செய்யுங்களேன். ஜெனியைப் பார்த்தேன். அவளுக்கு இந்த மெட்டு தெரியும், தொட்டிலில் இருந்தபோதே கேட்டவள்தான், என் அம்மாவோடு சாவு வீடுகளுக்குப் போனவள்தான். அந்தச் சமயம் பக்கத்தில் ஒரு பையன் கிளாஸை நகர்த்தினான். ஜெனி சட்டென்று திரும்பி, உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கினாள். பிறகு எல்லோரையும் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசி வரைக்கும் நான் தனியாகத்தான் வாசித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு வருஷமாக வராதது வந்தது. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை, மார்ட்டின் மட்டும் என் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டு விட்டார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் ஜெனி என் தோளில் சாய்ந்துகொண்டாள். வெகுநாளாக அப்படிச் சாய்ந்ததில்லை.

"சூப்பரா வாசிச்சம்மா. நடுவுல ஒருத்தர்கூட வரல பாத்தியா? ஒருத்தன் சத்தம் போட்டான், நான் நிறுத்திட்டேன்."

"பாத்தேம்மா" என்றேன்.

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்காக அவள் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டாள், ஒரு குறை இல்லாமல். நாளைக்கு நான் போகும்போது எனக்கும் இப்படித்தான் செய்வாள். முன்வரிசையில் தலையைக் குனிந்து, ஒரு சத்தம் வராமல், யாரையும் வரவிடாமல் பார்த்துக்கொள்வாள். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.